மெதுவாக, ஆனால் ரொம்ப இல்லை

கிருஷ்ணகிரிக்கு இரண்டு என்றேன்.
இன்னொரு ஆள் எங்கே என்றார் நடத்துனர்.
ஜன்னலோரம் சாய்ந்திருந்த செல்லோவைக் காட்டினேன்.
உள்ளே பிணமா என்று கேட்கவில்லை, கேட்கும் முகம்.
அரை டிக்கெட்டுக்கு உயரம் அதிகம் என்று
முழுசாகக் கிழித்தார்.

பெங்களூரில் இருப்பவரும் நடத்துனர்தான்.
விசிலுக்குப் பதில் கையில் குச்சி.
இரண்டாம் பகுதியை நிமிடத்துக்கு நாற்பத்தெட்டில் வைப்போம் என்கிறார்,
கேட்பவர்கள் அழவேண்டுமாம்.
ஐம்பத்தாறு என்கிறேன் நான்.
தாளின் தலையில் இத்தாலியனில் இருப்பது இவ்வளவுதான்:
மெதுவாக, ஆனால் ரொம்ப இல்லை.
பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பற்றிச் சொல்லிப் போனது போல:
கறுப்பு, ஆனால் ரொம்ப இல்லை.

பர்கூர் சாலையில் என் அறை.
ஜன்னலுக்கு நேரெதிரே கிரானைட் அறுக்கும் கொட்டகை.
லாரி நிறைக்கும் ஒற்றைக் கல் மேல்
எண்பது இரும்புப் பட்டைகள்
போகும், வரும், போகும்.
சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டும்.
மணிக்கு ஒரு விரற்கடை இறங்கும்.
அவசரப்படுத்தினால் பட்டை நெளியும்.
என் வில்லுக்கும் அதே வியாதி.

கடிகாரம் வைத்து எண்ணினேன்: ஐம்பத்தாறு.
நடத்துனருக்கு இதை எப்படி எழுதுவது?

பகுதி ஜி மைனரில்.
தெருமுனை டிரான்ஸ்பார்மரும் இரவெல்லாம் ஜி-யில்தான் முனகுகிறது,
என் மூன்றாம் தந்தியின் அதே ஜி,
உப்பு தூக்கல் என்போமே, அப்படிக் கொஞ்சம் தூக்கல்.
கரண்ட் போனால் சுருதியும் போகும்.
பங்குனியில் நாலு நாள்
கொசுக்களின் ஸ்வரத்தில் வாசித்தேன்.

செவ்வாய் இரவு, இரண்டரை மணி.
மற்ற வாத்தியங்கள் வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்க
செல்லோ தனியே படியிறங்கும் இடம்.
எதிரே ஒரு சத்தம். பெரிதில்லை,
காய்ந்த கிளை மிதிபட்டது போல.
ரம்பம் நின்றது.
சுருதி நின்றது, இன்னொரு பொருளில்.

கல்லுக்குள் யாரும் பார்த்திராத ஒரு வரி ஓடியிருக்கிறது.
மூன்று நாள் அறுப்பு.

கெம்பராஜ் விளக்கடிக்கு வந்தார்.
தலையில் கை வைப்பார் என்று பார்த்தேன். வைக்கவில்லை.
பிளவில் விரலை விட்டார், எடுத்தார்,
லுங்கியில் துடைத்தார்.
இடுப்பிலிருந்து டேப்பை இழுத்து
ஓரத்திலிருந்து பிளவு வரை, பிளவிலிருந்து அந்த ஓரம் வரை
அளந்தார். சாக்பீஸால் ஒரு கோடு.
இன்னொரு கோடு.
"படிக்கட்டுக்கு ஆகும்" என்று யாருக்கோ சொன்னார்.
அங்கே யாரும் இல்லை.

பிறகு நிமிர்ந்து,
"நீங்க ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.
நிறுத்தியிருந்தது
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தாளில் இன்னொரு இத்தாலியச் சொல்லும் உண்டு: துயரத்தோடு.
ஆறு மாதம் அதை நம்பி
வில்லை ஒப்பாரி வைக்க விட்டிருந்தேன்.
பென்சிலால் அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்:
டேப் பிடித்தபடி.

விட்ட இடத்திலிருந்து எடுத்தேன்.
ரம்பம் இல்லாமல் எண்ணிக்கை தடுமாறியது,
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
அவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
ஒரே சீராக இல்லை அது. ஆனாலும் கணக்கு.

சனிக்கிழமை ஒத்திகை.
ஓபோ ஸ்வரம் கொடுத்தது, எல்லோரும் அதில் போய்ச் சேர்ந்தார்கள்.
நடத்துனர் என் மூன்றாம் தந்தியைத் திரும்பிப் பார்த்தார்.
தூக்கல் என்றார்.
எங்கள் ஊர் அப்படி என்று சொல்லவில்லை,
இறக்கிக்கொண்டேன்.
வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
யாரும் அழவில்லையே என்றார்.
ஆமாம் என்றேன்.
ஐம்பத்திரண்டு என்றார், பெரிய மனது பண்ணி.

சூளகிரி தாண்டும்போது மழை.
இந்த நடத்துனர் வேறு ஆள்.
இரண்டு டிக்கெட் என்று நீட்டிய காசை எண்ணி
பாதியைத் திருப்பித் தந்தார்.
லக்கேஜ்தானே என்றார்.